ஏரிக்கரையில் ஞாயிறு அள்ளிய குப்பை புதன்கிழமைக்குள் திரும்பி வருவது ஏன்?

உங்கள் புறநகர்ப் பகுதியின் ஏரிக்கரையில் நண்பர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் குப்பை அள்ளுவதாகவும், புதன்கிழமைக்குள் அதே இடத்தில் மறுபடியும் குப்பை சேர்ந்துவிடுவதாகவும், இந்நிலையில் இப்பணியைத் தொடரலாமா நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குப்பை எதனால் திரும்பி வருகிறது, அதை நிறுத்தத் தன்னார்வலர்களால் ஆகக்கூடியது ஏதேனும் உண்டா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பொதுச் சுகாதாரப் பொறியியல் படித்து, நகராட்சிகளின் திடக்கழிவுப் பணிகளில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையிலும், இப்போது உங்களைப் போன்ற குழுக்களோடு களத்துக்குச் செல்பவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். சட்டம் பற்றிக் கீழே சொல்வது நடைமுறையில் கற்றது; வழக்கு என்ற கட்டம் வந்தால் வழக்கறிஞரைக் கேட்டே முடிவெடுங்கள்.

தொடருங்கள், ஆனால் அள்ளுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதே என் பதில். குப்பை ஓரிடத்துக்கு வந்து சேர்வதற்கு ஒரு காரணமும் ஒரு வழியும் இருக்கின்றன. அவை இரண்டும் அப்படியே இருக்கும்போது இடத்தை மட்டும் சுத்தம் செய்தால், அடுத்துக் கொட்ட வருபவருக்கு இடம் ஒழித்துக் கொடுத்ததாகவே முடியும். யார் கொட்டுகிறார்கள், ஏன் இங்கே கொட்டுகிறார்கள் என்பதைக் கண்டறிவது உள்ளாட்சி அலுவலர்களுக்குப் பெரும்பாலும் நேரமில்லாத வேலை; அந்தப் பகுதியிலேயே குடியிருக்கும் உங்களால்தான் அது முடியும். அள்ளுவதற்கு வாகனமும் ஆளும் உள்ளாட்சியிடம் உண்டு. கண்டறிவதற்கு உங்களை விட்டால் வேறு எவரும் இல்லை.

அடுத்த ஞாயிறு சென்றதும் கூடையில் வாரிப் போடத் தொடங்காமல், குவியலின் ஒரு பக்கத்தை நீண்ட காம்புள்ள வாரியால் இழுத்து ஒரு தார்ப்பாயில் பரப்பிப் பாருங்கள். மளிகைக் கடைப் பையில் முடிச்சுப் போட்டு, உள்ளே முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள், பால் பாக்கெட், குழந்தையின் டயப்பர் எல்லாம் கலந்து கிடந்தால் அது வீட்டுக் குப்பை. அத்தகைய பைகள் தார்ச்சாலையின் ஓரத்திலிருந்து எறிதூரத்துக்குள் சிதறிக் கிடந்தால், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருசக்கர வண்டியின் கைப்பிடியில் மாட்டி வந்து, வண்டியை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போனவை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒரே வகைப் பொருள் சாக்குமூட்டையாகக் கிடந்தால், அதாவது கோழி இறகும் குடலும், இளநீர் மட்டை, தையற்கடைத் துணிவெட்டு, முடிதிருத்தகத்து மயிர், மண்டபத்து வாழையிலையும் காகிதக் குவளையும் என்று தனித்தனியாகக் கிடந்தால், அது ஒரு தொழிலிலிருந்து வருவது. அந்தத் தொழில் நடக்கும் இடம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். உடைந்த டைல்ஸ், பி.வி.சி. குழாய்த் துண்டு, பழைய கழிப்பறைக் கோப்பை, கெட்டிபட்ட சிமென்ட் சாக்கு ஆகியவை கூம்பாகக் குவிந்து, டயர்த் தடம் கரைவரை வந்திருந்தால், குட்டியானையோ டிப்பரோ இரவில் பின்தட்டைத் திறந்து கொட்டியது. மேலே நேற்றையது, அடியில் சென்ற வாரத்தையது என்று அடுக்கும் தெரியும். இதை இரண்டு மூன்று வாரம் ஒரே ஆள் ஒரே நோட்டில் எழுதி, நாளும் நேரமும் தெரியப் படமும் எடுத்து வைத்தால், உங்கள் ஏரிக்கரைக்குக் குப்பை எந்தெந்த வழிகளில் வருகிறது என்பது விளங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் இரண்டு, மூன்று வழிகளுக்கு மேல் இருப்பதில்லை.

ஒவ்வொரு வழிக்கும் மருந்து வேறு. வீட்டுக் குப்பை பையில் கட்டி வந்து விழுகிறதென்றால், அந்த வீடுகளுக்கும் சேகரிப்பு வண்டிக்கும் நேரம் ஒத்துப்போகவில்லை என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஒரு நகராட்சியில், மக்களுக்குப் பொறுப்பில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தெருமுனையைப் பற்றி விசாரித்தோம். மாடியில் வாடகைக்கு இருந்த இளைஞர்களும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டாரும் காலை ஏழரைக்குள் கிளம்பிவிடுகிறார்கள். வண்டி எட்டரைக்கு மேல்தான் வருகிறது. மூன்றாவது மாடியிலிருந்து விசில் சத்தம் கேட்டு இறங்கி வருவதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. முன்பு அந்த முனையில் ஒரு தொட்டி இருந்தது; தொட்டியில்லா நகரம் என்ற கொள்கைப்படி அதை எடுத்த பிறகும் மக்களின் கால்கள் அங்கேயே சென்றன. மேற்பார்வையாளரிடம் பேசி, மாலையில் அரை மணி நேரம் ஒரு பேட்டரி வண்டியை அந்த முனையில் நிறுத்தச் செய்ததும், எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமலே அங்கு விழும் பைகள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே வண்டி ஓட்டும் அண்ணனிடமும், கூட வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடமும் முதலில் பேசுங்கள். எந்த வீடு குப்பை தருவதில்லை, எந்தச் சந்துக்குள் வண்டி நுழையாது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. வார்டின் வண்டிப் பாதையும் நேரமும் எழுத்தில் வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கடைகளிலிருந்து வருவதற்குப் பெரும்பாலும் பேச்சும் ஏற்பாடும் போதும். கோழிக்கழிவைத் தனியாக எடுத்துச் செல்ல ஆள் ஏற்பாடு இருக்கிறதா, அவர் எல்லா நாளும் வருகிறாரா, ஞாயிறு வியாபாரம் முடிந்த பின் வருகிறாரா என்பதைப் பாருங்கள். திங்கட்கிழமை காலை ஏரிக்கரை நாறுகிறதென்றால், ஞாயிறு இரவு எடுப்பு இல்லை என்று பொருள். கட்டட இடிபாடுதான் கடினம். வீட்டுக்காரர் இடிபாட்டை அகற்றுவதற்கென்று பணம் கொடுத்துவிடுகிறார். அது ஒழுங்கான இடத்துக்குப் போயிற்று என்றே நம்புகிறார். வண்டிக்காரருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்பதால், தொலைவு குறையக் குறைய டீசல் மிச்சம், நடையும் கூடும். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் இருந்தும் புறநகர் ஏரிக்கரைகளில் இரவில் டிப்பர் நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இங்கே விழிப்புணர்வுப் பேரணியால் பயனில்லை. கரைமேல் வண்டி ஏறும் வாயை, விவசாயிகளும் ஆம்புலன்சும் போகும் வழியை மறிக்காமல், கருங்கல் போட்டோ பள்ளம் வெட்டியோ நில உரிமையுள்ள துறை அடைக்க வேண்டும். ஒரு விளக்கு எரிய வேண்டும். வண்டி எண்ணுடன் புகார் செல்ல வேண்டும். டிப்பரை நீங்கள் நேரில் மறிக்காதீர்கள். அதில் அடிபட்டவர்களை அறிவேன்.

நிலம் யாருடையது என்பதை முதல் மாதத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஏரி நீர்வளத்துறையிடமோ ஊராட்சியிடமோ இருக்கலாம், கரையை ஒட்டிய சாலை நெடுஞ்சாலைத்துறையிடம் இருக்கலாம், நடுவில் வருவாய்த்துறைப் புறம்போக்கு ஒரு துண்டு இருக்கலாம். இரண்டு உள்ளாட்சிகளின் எல்லை அங்கே ஓடுமானால் இருவரும் தமதில்லை என்பார்கள். குப்பை மேடுகள் எல்லைகளில் வளர்வதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டு நகலையும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் இணைத்து மனுக் கொடுத்தால், மனுவைத் திருப்பியனுப்ப யாருக்கும் காரணம் கிடைக்காது. ஊராட்சிப் பகுதியாயின் கிராமசபைத் தீர்மானம் வலுவான ஆவணம். எந்த அலுவலகம் பொறுப்பு என்று தெளியவில்லையென்றால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே மனுவுக்கு எண் விழும், உரிய துறைக்கு அது அனுப்பப்படும்.

சட்டத்தின் பக்கம் ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். தெருவிலும் திறந்த வெளியிலும் வடிகாலிலும் நீர்நிலையிலும் குப்பை கொட்டுவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வெளிப்படையாகத் தடை செய்தன. வீடு வீடாகச் சேகரிப்பதை உள்ளாட்சியின் கடமை என்றும் வைத்தன. பணமில்லை, ஆளில்லை என்று ஓர் உள்ளாட்சி சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு 1980-லேயே விடை வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி வழக்கில், நிதி இல்லை என்பதைக் காரணம் காட்டி ஒரு நகராட்சி தன் சுகாதாரக் கடமையிலிருந்து விலக முடியாது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எழுந்தது, பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவர், அதாவது கோட்டாட்சியர் போன்ற அலுவலர், ஆணையிடலாம் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின் கீழ். அதே அதிகாரம் இப்போது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்குமன்றம் போகாமல் கோட்டாட்சியரிடமே ஒரு குடிமகன் எடுத்துச் செல்லக்கூடிய வழி இது. இவ்வளவு பயனுள்ள ஒன்று குழுக்களுக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

குப்பையே சாட்சியாகும் என்பதற்கு அண்மை எடுத்துக்காட்டு 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்தது. நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டிருந்த மருத்துவக் கழிவில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் தாள்கள் கிடந்தன. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, கேரள அரசே வந்து அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அவ்வாறே லாரிகள் வந்து அள்ளிச் சென்றன. பார்த்தவுடன் நல்ல எண்ணத்தில் யாராவது அதைக் கொளுத்தியிருந்தால், நச்சுப்புகையோடு சாட்சியமும் போயிருக்கும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கூரியர் அட்டையிலோ பள்ளி நோட்டிலோ ஒரு முகவரி கிடைத்தால், அந்தக் குப்பை எந்த வீட்டில் உண்டானது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். இங்கே கொட்டியவர் அவர்தானா என்பது தெரியாது. அவர் முறையாக ஒருவரிடம் கொடுத்து, அந்த ஒருவர் கொட்டியிருக்கலாம். முகவரியை வாட்ஸாப் குழுக்களில் போட்டு அவமானப்படுத்துவது நியாயமும் அன்று, பயனும் தராது. அதைச் சுகாதார ஆய்வாளரிடம் மட்டும் கொடுங்கள்.

இனி, அள்ளுவதால் நேரடியாக என்ன பயன் என்பது. அழுக்கான இடத்தில் மனிதர்கள் கூடுதலாக அழுக்குச் செய்கிறார்கள் என்பது வெறும் நம்பிக்கையன்று. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் பணியாற்றியோரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி நிறுத்துமிடத்தில் கார்க் கண்ணாடியில் செருகியிருந்த துண்டறிக்கையை எத்தனை பேர் கீழே போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். இடம் ஏற்கெனவே குப்பையாக இருந்தபோது 32 விழுக்காட்டினரும், சுத்தமாக இருந்தபோது 14 விழுக்காட்டினரும் போட்டார்கள். எனவே கையில் இருப்பதை வழியோடு போட்டுவிட்டுப் போகிறவரிடம் சுத்தம் வேலை செய்கிறது. பெங்களூரில் 2010-இல் தொடங்கிய தி அக்லி இந்தியன் குழுவினர், பெயர் சொல்லிக்கொள்ளாமல், நாறிக்கிடந்த நடைபாதை மூலைகளைச் சுத்தம் செய்து சுவருக்கு வண்ணமடித்துச் செடி வைத்ததும் இந்த அடிப்படையில்தான். ஆனால் அந்த அமெரிக்க ஆய்வு காகிதத் துண்டைப் பற்றியது. இரவில் டிப்பரில் வருபவர் சுவரின் கோலத்தைப் பார்த்துத் திரும்பிப் போவார் என்று அதிலிருந்து முடிவுகட்ட இயலாது. களத்தில் நானும் அப்படிக் கண்டதில்லை.

அள்ளிய குப்பை எங்கே போகும் என்பதை அள்ளுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மும்பை வெர்சோவா கடற்கரையை 2015 அக்டோபரில் சுத்தம் செய்யத் தொடங்கிய வழக்கறிஞர் அப்ரோஸ் ஷா, மறு ஆண்டே ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதைப் பெற்றார். உலகறிந்த அந்தப் பணியே 2017 நவம்பரில் சில நாள் நின்றுபோனது. தன்னார்வலர்கள் மிரட்டப்பட்டதோடு, சேகரித்த குப்பை அகற்றப்படாமல் தேங்கியதும் அதற்குக் காரணம். வாகனம் வராத ஞாயிற்றில் மூட்டை கட்டி வைத்தால், திங்களன்று நாய்களும் மாடுகளும் கிழித்து, நீங்களே புதிதாக ஒரு குப்பை மேட்டை உண்டாக்கியதாக ஆகிவிடும். வாகனம் உறுதியான பிறகே தேதி குறியுங்கள். தரம் பிரிப்பதையும் அதே இடத்தில் செய்துவிடுங்கள். பாட்டில், அட்டை, இரும்பு ஆகியவற்றைப் பழைய இரும்புக்கடை எடுத்துக்கொள்ளும். நொறுக்குத்தீனி உறை, ஷாம்பு பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளுக்கு அங்கே விலை கிடையாது. அவை உள்ளாட்சியின் வள மீட்பு மையத்துக்குப் போய், அங்கிருந்து சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பப்படுவதே இப்போதுள்ள வழி. பல ஆண்டு படிந்த அடிக்குப்பையைத் தோண்டாதீர்கள். உள்ளே வாயு இருக்கும், கண்ணாடியும் இருக்கும். அது இயந்திரம் வைத்துப் பிரிக்க வேண்டிய வேலை.

உடல் பாதுகாப்பில் தயவுசெய்து எந்தச் சமாதானமும் வேண்டாம். மெல்லிய மருத்துவமனைக் கையுறை ஊசியையும் கண்ணாடியையும் தடுக்காது. தடித்த ரப்பர் பூச்சுள்ள கையுறையும் அடிப்பாகம் கெட்டியான மூடிய காலணியும் அணிந்தவர் மட்டுமே குவியலருகே போக வேண்டும். மூடிய பைக்குள் கைவிடவே கூடாது. அட்டைக்கும் ஓட்டுக்கும் அடியில் கண்ணாடி விரியன் இருக்கும் என்று நினைத்து, முதலில் வாரியால் புரட்டுங்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை மேலும் உடைக்காமல், நீர் தெளித்து அப்படியே எடுத்து வையுங்கள். மருத்துவக் கழிவு தென்பட்டால் கைவைக்காமல் படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் தெரிவியுங்கள். மஞ்சள், சிவப்புப் பைகளில் பட்டைக்குறியீடு இருந்தால் அதையும் நெருக்கமாகப் படமெடுங்கள். ஊசி குத்திவிட்டால் பிழியாமல் சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. மலக்கழிவும் சாக்கடை அடைப்பும் உங்கள் வேலையல்ல. பள்ளிப் பிள்ளைகளை மரம் நடவும் கணக்கெழுதவும் அழைக்கலாம். குப்பைக் குவியலில் இறக்கக் கூடாது.

கரையில் கண்காணிப்புக் கேமரா வைத்தால் பயனுண்டா என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்ததைப் பற்றி உறுதியாகச் சொல்ல இயலவில்லை. படத்தைப் பார்த்து அபராதம் போட ஓர் அலுவலர் இருக்கும் இடத்தில் அது பயன்பட்டிருக்கிறது; மற்ற இடங்களில் கொட்டுபவர் ஐம்பதடி தள்ளிப் போனதோடு சரி. தொட்டி வைப்பதா எடுப்பதா என்பதிலும் துறையிலுள்ளோரிடமே ஒருமித்த கருத்து இல்லை. நேரம் தவறாத வண்டி இருந்தால் தொட்டி தேவையில்லை, இல்லையென்றால் தொட்டியை எடுப்பது குப்பையைத் தரையில் இறக்குவதாகும் என்பது என் சார்பு. நன்கு தெரிந்த ஒன்றும் உண்டு: பொருள் உண்டாகும் இடத்திலேயே விதி மாறினால், அள்ள வேண்டியதே குறைந்துவிடும். நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுப்பாட்டில்கள் யானைகளின் கால்களைக் கிழித்துக்கொண்டிருந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுக்கும் முறை வந்ததும், பெரும்பகுதிப் பாட்டில்கள் கடைக்கே திரும்பின. அதனால்தான் உங்கள் நோட்டில் எந்தப் பொருள் எவ்வளவு என்று எழுதச் சொல்கிறேன். இப்படி ஒரு விதி கேட்பதற்கு அந்தக் கணக்கே ஆதாரம்.

எத்தனை மூட்டை அள்ளினோம் என்பதை அளவாகக் கொள்ளாதீர்கள். மூட்டை கூடுவது குப்பை கூடியதையும் காட்டலாம். சுத்தம் செய்த பிறகு முதல் பை விழ எத்தனை நாள் ஆயிற்று என்பதை எழுதுங்கள். இப்போது மூன்று நாள் என்கிறீர்கள். வண்டி நேரம் மாறி, கரையின் வாய் அடைபட்ட பின் அது மூன்று வாரமானால் நீங்கள் சரியான திசையில் போகிறீர்கள்; மாறாமலே இருந்தால் ஏதோ ஒரு வழியைத் தவறவிட்டிருக்கிறீர்கள், மறுபடி தார்ப்பாயை விரிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், வரத்துக்கால்வாயின் வாயில் கிடப்பதை மட்டும் எப்படியாவது எடுத்துவிடுங்கள். முதல் பெருமழையில் அது ஏரிக்குள் போய்விட்டால் பிறகு படகும் வலையும் தேவைப்படும். ஏரி எந்த உள்ளாட்சி எல்லையில் வருகிறது, குவியலில் எது அதிகம் என்று எழுதினால், மனுவை யாருக்கு எப்படி எழுதுவது என்பதில் உதவுகிறேன்.